இல்லாத நோயாளி, இல்லாத ஸ்கேனர்: சி.டி. சிமுலேஷனைக் கைமாற்றுவது என்றால் என்ன?

“நோயாளியும் இல்லை, ஸ்கேனரும் இல்லை. பிறகு எதைத்தான் ஆராய்ச்சி செய்தார்களாம்?” முழுக்க முழுக்கக் கணினிக்குள்ளேயே நடந்த ஒரு சி.டி. ஸ்கேன் ஆய்வைப் பற்றி நான் சொன்னபோது நண்பர் ஒருவர் கேட்டது இது. கேலியாகத்தான் கேட்டார். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. ‘மெய்நிகர் ஸ்கேன்’, ‘மெய்நிகர் நோயாளி’, ‘சிமுலேஷன் கருவியைக் கூட்டாளிகளோடு பகிர்ந்துகொண்டோம்’ என்றெல்லாம் செய்திகளில் வருகிறது. படிக்கிறவர் மனதில் என்ன தோன்றும்? ஏதோ வீடியோ விளையாட்டு போன்ற காட்சி, அல்லது செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படம், அல்லது காசு மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்த குறுக்குவழி. ‘பகிர்தல்’ என்றால் ஒரு கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிடுவது. இவற்றில் எதுவுமே சரியில்லை. முதலிலிருந்தே வருவோம்.

ஒரே ஆளை எத்தனை முறை?

சாம்பாருக்கு உப்பு சரியா என்று பார்க்க ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறோம். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் போட்டு மறுபடி பார்க்கிறோம். பானைக்கு ஒன்றும் ஆவதில்லை. சி.டி. ஸ்கேனில் இந்த வசதி கிடையாது. எக்ஸ்ரே கதிரின் அளவை எதுவரை குறைத்தாலும் நுரையீரலில் உள்ள 4 மில்லிமீட்டர் கட்டி தெரியும் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், ஒரே ஆளை, ஒரே நிலையில் படுக்கவைத்து, பத்துப் பன்னிரண்டு அளவுகளில் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். யார் சம்மதிப்பார்கள்? சம்மதித்தாலும் எந்த நெறிமுறைக் குழு அனுமதிக்கும்?

கதிரின் பாதிப்பை மில்லிசீவர்ட் என்ற அலகால் குறிக்கிறார்கள். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஒரு மனிதருக்கு இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. வழக்கமான மார்பு சி.டி. ஒன்றுக்கு ஏறக்குறைய 7. புற்றுநோயைத் தொடக்கத்திலேயே தேடுவதற்காக அளவைக் குறைத்து எடுக்கும் ஸ்கேனுக்கு ஒன்றரை. நோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒருமுறை எடுத்தால் அதில் பலன் அதிகம், தீங்கு மிகக் குறைவு. யாரோ ஒருவருடைய ஆய்வுக்காகப் பன்னிரண்டு முறை எடுத்தால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

பெரிய அளவில் மனிதர்களை வைத்தே செய்த ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவில் 2002-இல் ஆள் சேர்க்கத் தொடங்கிய தேசிய நுரையீரல் பரிசோதனை ஆய்வில் 53,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். குறைந்த அளவு சி.டி.யால் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைகிறது என்ற முடிவு 2011-இல் வந்தது. மகத்தான வேலைதான். ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஸ்கேனர்கள் எத்தனை தலைமுறை மாறிவிட்டன! ஒவ்வொரு புது இயந்திரத்துக்கும் இப்படி ஓர் ஆய்வு நடத்த ஆளும் இல்லை, பணமும் இல்லை, பொறுமையும் இல்லை.

ஸ்கேனர் உண்மையில் எதை அளக்கிறது?

சி.டி. இயந்திரம் உடலுக்குள்ளே போய்ப் படம் பிடிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பிடிப்பதெல்லாம் நிழல்தான். ஒரு பக்கம் எக்ஸ்ரே குழாய், எதிர்ப்பக்கம் உணரிகளின் வரிசை, நடுவில் நாம். எக்ஸ்ரே என்பது ஃபோட்டான் எனப்படும் ஒளித்துகள்களின் ஓட்டம். உடலுக்குள் நுழையும் ஃபோட்டான்களில் பெரும்பாலானவை வழியிலேயே நின்றுவிடும் அல்லது திசை மாறிவிடும். மறுபக்கம் எத்தனை வந்து சேர்ந்தன என்பதுதான் அளவீடு.

சி.டி.யில் பயன்படும் கதிருக்கு ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு வாயிற்காவலர் மாதிரி: வருகிறவர்களில் பாதிப் பேரைத்தான் உள்ளே விடுவார். அடுத்த மூன்றரை சென்டிமீட்டரில் இன்னொரு காவலர், மீதியில் பாதி. நம் உடலின் மென்திசுக்கள் தண்ணீருக்கு நெருக்கமானவை என்பதால் 35 சென்டிமீட்டர் பருமனுள்ள வயிற்றைக் கடப்பது பத்துக் காவலர்களைக் கடப்பது போல. பாதியில் பாதி என்று பத்து முறை வகுத்தால் ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சும். எலும்பு குறுக்கே வந்தால் இன்னும் குறைவு, நுரையீரலின் காற்று என்றால் அதிகம்.

ஒரு திசையிலிருந்து பார்த்த நிழலில் எலும்பும் ஈரலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். சாதாரண எக்ஸ்ரே அப்படிப்பட்டதுதான். சி.டி. இயந்திரம் உடலைச் சுற்றி வந்து, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் கோணங்களில் நிழல் எடுக்கிறது.

நான்கு அறைப் பெட்டி

நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூடிய பெட்டி ஒன்றில் நான்கு அறைகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொன்றிலும் சில புளியங்கொட்டைகள். திறந்து பார்க்கக் கூடாது, கூட்டுத்தொகையை மட்டும் கேட்கலாம்.

மேல்வரிசை 8. கீழ்வரிசை 9. இடப்பக்க நெடுவரிசை 5. வலப்பக்கம் 12. போதுமா? போதாது. மேலே 3, 5, கீழே 2, 7 என்று வைத்தாலும் கூட்டல் சரியாக வருகிறது. மேலே 2, 6, கீழே 3, 6 என்று வைத்தாலும் வருகிறது. வேண்டுமானால் கூட்டிப் பாருங்கள். இப்போது மூலைவிட்டமாக இன்னொரு கேள்வி: மேல் இடதும் கீழ் வலதும் சேர்ந்து எவ்வளவு? பத்து என்று பதில் வந்தால் முதல் விடைதான் சரி என்று முடிந்துவிடும்.

கோணங்கள் ஏன் தேவை என்பது இவ்வளவுதான். அந்த ஒரு மூலைவிட்டக் கேள்வி செய்த வேலையை இயந்திரம் ஆயிரம் கோணங்களில் செய்கிறது. லண்டனில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் 1971 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் நோயாளியின் தலையை ஸ்கேன் செய்தபோது, அவருடைய பெட்டியில் 80-க்கு 80, அதாவது 6,400 அறைகள். இன்றைய ஒரு சி.டி. படத்தில் 512-க்கு 512, அதாவது 2,62,144 அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1,000 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடும் அந்த அளவுகோலுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். நிழல்களிலிருந்து இந்த எண்களைக் கணக்கிடும் வேலைக்கு மீட்டுருவாக்கம் என்று பெயர்.

சுருக்கமாக: ஸ்கேனர் நிழல்களை அளக்கிறது, கணினி அவற்றிலிருந்து எண்களை மீட்கிறது, நாம் படம் என்று பார்ப்பது அந்த எண்களுக்குச் சாம்பல் நிறம் பூசியது.

அதே கதை, பின்னிருந்து முன்னாக

சி.டி. சிமுலேஷன் என்பது இந்தக் கதையைப் பெட்டியின் உள்ளேயிருந்து தொடங்குவது. ஒவ்வோர் அறையிலும் எத்தனை கொட்டை என்று நாமே போட்டு வைக்கிறோம். அவற்றின் வழியே கதிர் போனால் நிழல் எப்படி விழும் என்று கணக்கிடுகிறோம். பிறகு அந்த நிழல்களை உண்மையான இயந்திரத்திலிருந்து வந்தவைபோலவே மீட்டுருவாக்கத்துக்குக் கொடுக்கிறோம்.

இதற்கு முதலில் ஓர் உடல் வேண்டும். கணினியில் எண்களால் கட்டிய இந்த உடலுக்கு ஃபேன்டம் என்று பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஆவி என்ற பொருளும் இருப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. 1974-இல் ஷெப், லோகன் என்ற இருவர் பத்து நீள்வட்டங்களை அடுக்கி ஒரு தலையை வரைந்தார்கள். இன்றும் பாடப்புத்தகங்களில் அந்தத் தலைதான் சிரிக்காமல் நம்மைப் பார்க்கிறது. இப்போது நிலைமை வேறு. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1990-களில் தானமாகக் கிடைத்த உடல்களை மில்லிமீட்டர் கணக்கில் சீவிப் படமெடுத்து வெளியிட்டது. அந்தப் படங்களை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது எக்ஸ்கேட் என்ற ஃபேன்டம். டியூக் பல்கலைக்கழகத்தில் உள்ள குழு அதைப் பராமரிக்கிறது. அதற்கு இதயம் துடிக்கும், மூச்சு வாங்கும். ஆண், பெண், பருமன், ஒல்லி, குழந்தை என்று உடல்வாகுகளும் பல.

அடுத்து ஸ்கேனர். குழாயிலிருந்து எந்தெந்த ஆற்றலில் எத்தனை ஃபோட்டான் கிளம்புகிறது, கதிர் புறப்படும் புள்ளி எவ்வளவு அகலம், உணரி ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது, வந்து விழுவதில் எத்தனையைத் தவறவிடுகிறது, சுழலும்போது எவ்வளவு மங்குகிறது. இவை எல்லாவற்றையும் எண்களாகச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக வரும் மீட்டுருவாக்கத்தை மேலேயே பார்த்துவிட்டோம்.

தூறலும் தாயக்கட்டையும்

தூறல் தொடங்கியவுடன் முற்றத்தில் இரண்டு குவளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் ஏழு சொட்டு விழும், மற்றதில் மூன்று. மழை ஒன்றுதான், குவளையும் ஒன்றுதான், எண்ணிக்கை மட்டும் வேறு. ஒரு மணி நேரம் கொட்டிய பிறகு பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும்.

ஃபோட்டான்களும் தூறல் போலத்தான் விழுகின்றன. சராசரியாக 10,000 விழ வேண்டிய இடத்தில் நூறு கூடலாம், நூறு குறையலாம். அது ஒரு சதவீதம்தான், கண்ணுக்குத் தெரியாது. சராசரியாக 100 மட்டுமே விழ வேண்டிய இடத்தில் பத்து கூடும், குறையும். அது பத்துச் சதவீதம், படத்தில் மணல் தூவியது போல் தெரியும். இந்த மணலுக்கு இரைச்சல் என்று பெயர். கதிரின் அளவைப் பாதியாக்கினால் இரைச்சல் இரட்டிப்பாவதில்லை, 1.4 மடங்காகிறது. நோயாளிக்கு எவ்வளவு குறைவாகக் கொடுக்கலாம் என்ற பேரமெல்லாம் இந்த ஒரு விதியைச் சுற்றித்தான் நடக்கிறது. கணினி இந்த விதியை அறிந்திருப்பதால், ஒரே ஃபேன்டத்தை ஆயிரம் விதமான கதிர் அளவுகளில் ‘ஸ்கேன்’ செய்ய முடிகிறது. ஆவிக்குக் கதிர்வீச்சு பயமில்லை.

நிழலைக் கணக்கிட இரண்டு வழிகள். ஒன்று, குழாயிலிருந்து உணரிக்கு நேர்கோடு போட்டு, வழியில் எந்தத் திசு எத்தனை சென்டிமீட்டர் என்று கூட்டுவது. இது வேகமானது. ஆனால் வழியில் திசை மாறி வேறு உணரியில் போய் விழும் ஃபோட்டான்களை இது கண்டுகொள்ளாது. பனிமூட்டத்தில் எதிரே வரும் லாரியின் விளக்கொளி பரவி எல்லாவற்றையும் வெளுக்க வைக்குமே, அப்படி இந்தச் சிதறல் கதிர்கள் படத்தை வெளுக்க வைக்கும். அதைக் கணக்கில் கொண்டுவர இரண்டாவது வழி: ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக அனுப்பி, ஒவ்வொரு திருப்பத்திலும் தாயக்கட்டை உருட்டுவது. நிற்குமா, திரும்புமா, எந்தப் பக்கம்? கட்டை விழுந்தபடி. கோடிக்கணக்கான ஃபோட்டான்களுக்கு இப்படி உருட்டினால் கூட்டுத்தொகை இயற்கையை ஒத்துவரும். சூதாட்ட விடுதிக்குப் பேர்போன ஊரின் பெயரால் இதை மான்டி கார்லோ முறை என்கிறார்கள். 1940-களில் அணுகுண்டு ஆய்வுக்கூடத்தில் பிறந்த முறை, இன்று நோயாளியின் நலனுக்குப் பயன்படுகிறது. டியூக் குழுவின் டியூக்சிம் என்ற கருவி நேர்கோட்டையும் தாயக்கட்டையையும் சேர்த்தே பயன்படுத்துகிறது.

செயற்கை நுண்ணறிவு வரையும் படம் இதுவல்ல

இந்தக் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு பல்லாயிரம் சி.டி. படங்களைப் பார்த்து, அவற்றைப் போன்ற ஒன்றை வரைகிறது. பார்த்தால் அச்சு அசலாக இருக்கும். ஆனால் அந்தப் படத்தில் உள்ள கட்டி எங்கிருந்து வந்தது, அதன் எல்லை எது, கதிரைப் பாதியாக்கினால் அது மறைந்திருக்குமா என்று கேட்டால் பதில் கிடையாது. ஏனென்றால் அங்கே கதிரே இல்லை. சிமுலேஷன் படம் சில நேரம் அவ்வளவு அழகாக இருக்காது. ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் காரணம் கேட்கலாம்.

விடைத்தாள் நம் கையில்

சிமுலேஷனின் பெரிய லாபம் பணமும் இல்லை, நேரமும் இல்லை. உண்மை என்னவென்று நமக்குத் தெரிந்திருப்பதுதான். நிஜ நோயாளியின் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது. ஒரு மருத்துவர் கட்டி என்கிறார், இன்னொருவர் இரத்தக் குழாய் என்கிறார். அறுத்துப் பார்த்தாலொழிய யார் சரி என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் அறுத்துப் பார்ப்பதும் இல்லை. ஃபேன்டத்தில் கட்டியை வைத்தவர்களே நாம்தான். எந்த இடம், எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு அடர்த்தி என்பதெல்லாம் எழுதி வைத்த விடைத்தாள் நம்மிடம் இருக்கிறது. எனவே ஒரு புது மீட்டுருவாக்க முறை எத்தனையைக் கண்டுபிடித்தது, எத்தனையைக் கோட்டைவிட்டது, இல்லாததை எத்தனை முறை இருப்பதாகச் சொன்னது என்று மதிப்பெண் போடலாம்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆய்வாளர்கள் 2018-இல் இதைத் துணிந்து செய்து காட்டினார்கள். அது சி.டி. அல்ல, மார்பகப் படமெடுப்பு. ஆனால் கருத்து ஒன்றுதான். விக்டர் என்று பெயரிட்ட அந்த முயற்சியில் 2,986 மெய்நிகர் நோயாளிகளைக் கணினியிலேயே உருவாக்கி, கணினியிலேயே படமெடுத்து, படத்தைப் படிப்பவரையும் கணினி நிரலாகவே வைத்தார்கள். பழைய இருபரிமாண முறையைவிடப் புதிய முப்பரிமாண முறை மேல் என்ற முடிவு வந்தது. நிஜப் பெண்களை வைத்து நடந்த சோதனையும் ஏற்கெனவே அதைத்தான் சொல்லியிருந்தது. நிரலையும் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டார்கள். மேலே சொன்ன நுரையீரல் ஆய்வையும் டியூக் குழு பின்னர் மெய்நிகர் நோயாளிகளைக் கொண்டு திரும்ப நடத்திப் பார்த்தது.

இதுவரை வந்தது: உடலும் ஸ்கேனரும் எண்கள், கதிரின் விதிகள் உண்மை, விடைத்தாள் நம் கையில். இனி அந்தப் ‘பகிர்தல்’.

கைமாற்றும்போது உண்மையில் என்ன மாறுகிறது?

பாட்டியிடம் ஊறுகாய்ச் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டு வந்து, வீட்டில் போட்டால் வேறு ருசியில் வரும். ‘கொஞ்சம் பெருங்காயம்’ என்று பாட்டி சொன்ன ‘கொஞ்சம்’ எவ்வளவு, எந்த எண்ணெய், எத்தனை நாள் வெயில் என்பதெல்லாம் தாளில் ஏறவில்லை. சிமுலேஷன் கருவியைக் கைமாற்றுவதும் இப்படித்தான் கெட்டுப்போகும். நிரல் என்பது செய்முறைத் தாள் மட்டும்தான். அதனோடு ஃபேன்டம் போக வேண்டும், ஸ்கேனரின் அளவுகள் போக வேண்டும், எந்தப் பதிப்பு என்ற குறிப்பு போக வேண்டும், ‘இந்த உதாரணத்தை ஓட்டினால் உனக்கு இந்த எண்கள் வர வேண்டும்’ என்ற மாதிரி விடை போக வேண்டும். கடைசியாக, கருவி எந்த இயந்திரத்தோடு எந்த நிலைமைகளில் ஒப்பிடப்பட்டது என்ற சான்றும் வேண்டும். என் கணிப்பில் பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி ஒன்றைத்தான்.

இவற்றுக்கெல்லாம் ஒரே சொந்தக்காரர் கிடையாது. சிக்கலே அங்கேதான். உடல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, ஸ்கேனரின் அளவுகள் தயாரிப்பு நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கின்றன, எந்த நோயைத் தேட வேண்டும் என்ற அறிவு மருத்துவமனையில் இருக்கிறது, ‘இந்தச் சான்றை ஏற்கிறோம்’ என்று சொல்லும் அதிகாரம் அரசு அமைப்பிடம் இருக்கிறது. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு வேலை ஓடாது. கூட்டாளி என்ற சொல் இங்கே மரியாதைக்காகச் சொல்வதல்ல.

நிறுவனங்கள் தயங்குவது ஏன்? ஓர் உதாரணம். எக்ஸ்ரே குழாயின் வாயில் ஓரங்களில் தடித்தும் நடுவில் மெலிந்தும் உள்ள ஒரு வடிகட்டியைப் பொருத்தியிருப்பார்கள். உடலின் நடுப்பகுதி பருமன், ஓரங்கள் மெலிவு. எனவே ஓரத்துக்குக் கதிர் குறைவாகப் போனால் போதும். கழுத்தில் கட்டும் பட்டாம்பூச்சி வடிவ ‘போ டை’ மாதிரி இருப்பதால் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அதன் வளைவு துல்லியமாக எப்படி, என்ன பொருளால் செய்தது என்பது நிறுவனத்தின் தொழில் ரகசியம். உணரியின் உள்ளமைப்பு, மீட்டுருவாக்கக் கணக்கு, ஏன், அளவீடுகளைச் சேமிக்கும் கோப்பின் வடிவம்கூட ரகசியம்தான். இவை இல்லாமல் ‘இந்த மாடல் ஸ்கேனரைச் சிமுலேட் செய்தேன்’ என்று யாரும் சொல்ல முடியாது. ‘ஏறக்குறைய இப்படிப்பட்ட ஒரு ஸ்கேனரை’ என்றுதான் சொல்லலாம்.

நடைமுறையில் இதற்குப் பல சமரசங்கள். ரகசிய ஒப்பந்தம் போட்டு அளவுகளைக் கொடுப்பது ஒன்று. அளவுகளைத் திறந்து பார்க்க முடியாதபடி பூட்டிய நிரலாகக் கொடுப்பது இன்னொன்று. ‘உன் ஃபேன்டத்தை அனுப்பு, நான் ஓட்டி நிழல்களை மட்டும் தருகிறேன்’ என்பது மூன்றாவது. பூட்டிய கருவியில் ஒரு பிழை இருந்தால் கூட்டாளியால் கண்டுபிடிக்க முடியாது என்பதால் இரண்டாவது எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. ஆனால் ஒன்றுமே கிடைக்காததற்கு அது மேல்.

முழுவதும் திறந்துவிடுவதும் நடந்திருக்கிறது. ஸ்கேனர் தயாரிக்கும் ஜிஇ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு கேட்சிம் என்ற சி.டி. சிமுலேட்டரைப் பல ஆண்டுகளாகத் தன் ஆராய்ச்சிக்கு வைத்திருந்தது. 2007-இல் அதை விவரித்துக் கட்டுரையும் வந்தது. பின்னர் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் நிதியுதவியோடு அதன் வழிவந்த எக்ஸிஸ்ட் என்ற கருவித்தொகுப்பைப் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். அதைப் பற்றிய கட்டுரை 2022-இல் வெளியானது. போட்டி நிறுவனத்துக்காரர்கூட இறக்கிக்கொள்ளலாம். இதில் நிறுவனத்துக்கு என்ன லாபம்? உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் அதில் புது முறைகளைச் சோதிப்பார்கள், பிழைகளைச் சொல்வார்கள். ஓர் ஊர் ஆய்வகத்தின் முடிவை இன்னோர் ஊர் ஆய்வகம் அதே கருவியில் ஓட்டிச் சரிபார்க்க முடியும். ஆளுக்கொரு சிமுலேட்டர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இது முடியாது. ஆளுக்கொரு படிக்கல்லை வைத்துக்கொண்டு சந்தையில் விலை பேசிய கதைதான்.

தரவைப் பகிரும் பாதி வழியும் உண்டு. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமும் மேயோ கிளினிக்கும் 2016-இல் ஒரு போட்டி வைத்தார்கள். 30 நோயாளிகளின் வயிற்று சி.டி. அளவீடுகளை எடுத்து, அவற்றில் கணினியால் இரைச்சலைச் சேர்த்து, கால் பங்கு கதிரில் எடுத்திருந்தால் எப்படி வந்திருக்குமோ அப்படி ஆக்கிக் கொடுத்தார்கள். உடல் நிஜம், தூறல் சிமுலேஷன். நிறுவனத்தின் ரகசியக் கோப்பு வடிவத்தையும் பொதுவான வடிவத்துக்கு மாற்றியே கொடுத்தார்கள். அந்தப் போட்டி முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தரவை வைத்து ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன.

நோயாளியின் அந்தரங்கம் பற்றியும் ஒரு சொல். ‘மெய்நிகர் உடல்தானே, யாருக்கு என்ன?’ என்று சொல்லிவிட முடியாது. பல ஃபேன்டங்கள் நிஜ நோயாளிகளின் ஸ்கேனிலிருந்து செதுக்கப்பட்டவை. தலை சி.டி.யிலிருந்து முகத்தையே மீட்டுவிடலாம். எனவே ஃபேன்டத்துக்கும் உரிமம், நிபந்தனை, ஒப்புதல் எல்லாம் தேவைப்படுகின்றன.

தன் கேள்விக்குத் தானே விடை

இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. கருவி கைமாறும்போது அதுவும் சேர்ந்தே கைமாறுகிறது. ஓர் ஆசிரியர் பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழெட்டு ஐம்பத்தைந்து என்று தப்பாக மனப்பாடம் செய்திருக்கிறார். அதையே மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். தேர்வில் அதையே கேட்டு, அவரே திருத்துகிறார். மாணவனுக்கு நூற்றுக்கு நூறு.

சிமுலேஷனில் இது எப்படி நடக்கும்? உடலை 512-க்கு 512 அறைகளாகப் பிரித்து, அறைக்கு ஓர் எண் கொடுத்து, நிழலைக் கணக்கிடுகிறீர்கள். பிறகு மீட்டுருவாக்கத்திலும் அதே அறைகள், அதே கோடுகள், அதே சூத்திரம். விடை அற்புதமாக வரும். வராமல் எப்படி? நிஜ உடல் கட்டம் கட்டமாக இல்லை. ஈரலின் விளிம்பு ஓர் அறையின் நடுவே போகும். கதிர் புறப்படுவது ஒரு புள்ளியிலிருந்து அல்ல, சிறு பரப்பிலிருந்து. இந்தக் கரடுமுரடு எல்லாம் வழித்துத் துடைக்கப்பட்ட உலகத்தில் எந்த முறையும் வெற்றி பெறும். கணிதக்காரர்கள் இதற்கு ‘தலைகீழ்க் குற்றம்’ என்ற கடுமையான பெயரையே வைத்திருக்கிறார்கள்.

தப்பிக்கும் வழி எளிது, ஆனால் கணினிக்கு வேலை அதிகம்: நிழலைக் கணக்கிடும்போது உடலையும் உணரியையும் கதிர்மூலத்தையும் மீட்டுருவாக்கத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு நுணுக்கமாகப் பிரிக்க வேண்டும். எதை எத்தனை துண்டுகளாகப் பிரிப்பது என்று சொல்லும் எண்கள் நல்ல கருவிகளில் உண்டு. சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக உதாரணக் கோப்பில் அந்த எண்களை ஒன்று என்று வைத்திருந்தால், வாங்கிய கூட்டாளி அதை மாற்றாமல் ஓட்டி, கட்டுரையும் எழுதிவிடக்கூடும். பொய் சொன்னவர் யாருமில்லை, ஆனால் முடிவு பொய்.

செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கும்போதும் இதே பள்ளம்தான். ஒரு சிமுலேட்டர் உருவாக்கிய படங்களில் பயிற்றுவித்து, அதே சிமுலேட்டரின் படங்களில் சோதித்தால், நிரல் நோயைக் கற்றதா, சிமுலேட்டரின் பழக்கத்தைக் கற்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மெய்நிகர் சான்றுகளை எப்போது நம்பலாம் என்பதற்கு எஃப்.டி.ஏ. 2023-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. எந்தக் கேள்விக்காக இந்தச் சிமுலேஷன், தப்பானால் நோயாளிக்கு எவ்வளவு ஆபத்து, அதற்கு ஏற்ற அளவு சரிபார்ப்பு நடந்ததா என்பதே அதன் போக்கு. ‘சிமுலேஷன் நம்பத் தகுந்ததா?’ என்று மொட்டையாகக் கேட்பதற்கு அங்கே இடமில்லை.

வந்ததும் முதலில் ஒரு வாளித் தண்ணீர்

இப்படி ஒரு கருவி உங்கள் கைக்கு வந்தால், துடிக்கும் இதயத்தையும் நுரையீரல் கட்டியையும் தேடி ஓடாதீர்கள். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைத் தண்ணீரை ஸ்கேன் செய்யுங்கள். மருத்துவமனையில் நிஜ ஸ்கேனரைச் சரிபார்ப்பதும் தண்ணீர் உருளையை வைத்துத்தான். தண்ணீருக்கு எண் 0 என்று முன்பே பார்த்தோம்.

முதலில் எல்லா ஃபோட்டானுக்கும் ஒரே ஆற்றல் என்று வைத்து, சிதறலையும் அணைத்து ஓட்டுங்கள். விளிம்பு முதல் மையம் வரை 0-வை ஒட்டியே இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஓர் அளவு தவறு.

அடுத்து, நிஜக் குழாயில் உள்ளது போல் பல ஆற்றல்கள் கலந்த கதிரை வைத்து, எந்தத் திருத்தமும் போடாமல் ஓட்டுங்கள். ஆற்றல் குறைந்த ஃபோட்டான்கள் முதல் சில சென்டிமீட்டர்களிலேயே நின்றுவிடும். மையம் வழியே நீண்ட தூரம் வருபவற்றில் வலுவானவையே மிஞ்சும், அவை தண்ணீரை லேசான பொருளாகக் காட்டும். எனவே விளிம்பில் இருப்பதைவிட மையத்தில் எண் சரிந்து, குறுக்குவெட்டுக் கோடு ஒரு கிண்ணம் போல் குழிய வேண்டும். இந்த இரண்டாவது ஓட்டத்திலும் கோடு பலகை போல் தட்டையாக வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அனுப்பியவரைக் கூப்பிட்டு, நிரலுக்குள் யாரோ போட்டுவிட்டுச் சொல்ல மறந்த திருத்தம் எது என்று கேளுங்கள்.